அன்னதானமும் ஊதியமும்

கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது 1975-ஆம் ஆண்டு கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகப் பிரகடனம் செய்யப்பட்ட 1981-இல், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் தொடங்கிய சிறு பள்ளிதான் இன்று நாடறிந்த அமர் சேவா சங்கம். தசைச் சிதைவு நோயுற்ற கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னாளில் அவருடன் சேர்ந்தார்; 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இவையெல்லாம் பலரும் அறிந்த விஷயங்கள். அச்சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து செய்யும் காரியத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

மூளை முடக்குவாதம் கண்ட குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. மறுவாரமும் போனால் வேலையே போய்விடும் என்று அஞ்சி அவள் நின்றுவிடுகிறாள். தசைகள் இறுகி மூட்டுகள் மடங்குவதோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகையால், அக்கம்பக்கத்து ஊரிலேயே பிறந்து, பயிற்சி பெற்ற ஒரு பெண் வீட்டுக்கே வந்து, குழந்தையை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, புரையேறாமல் எப்படிக் கஞ்சி புகட்டுவது, எந்தக் காலை எவ்வளவு நீட்டுவது என்பதையெல்லாம் தாயின் கையாலேயே செய்யவைத்துப் பழக்குகிறாள். அடையாள அட்டைக்கு மனு எழுதுவது, பள்ளித் தலைமையாசிரியரிடம் வாதாடுவது, சலித்துப்போன பாட்டியைச் சமாதானம் செய்வது ஆகியனவும் அவள் தலையிலேயே விழுகின்றன.

இத்தகைய பெண்ணின் மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று எவரேனும் விசாரித்ததுண்டா? நம்மவர்கள் தர்மசிந்தை குறைந்தவர்கள் அல்லர். பேரனின் பிறந்தநாளுக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போடுகிறோம். தாத்தாவின் திதிக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்து அதன் முதுகில் பெயரும் எழுதுகிறோம். சம்பளத்தின்மீது பெயர் எழுத முடியாது. ஆதலால் அதற்குக் கொடுப்போர் அரியர். அரசாங்க மானியமோ தவணை தவணையாக, வரும்போது வருகிறது. இது போதாதென்று, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்தின்படி, அந்நன்கொடையைப் பெறும் ஓர் ஸ்தாபனம் அதை மற்றோர் ஸ்தாபனத்துக்குப் பகிர்ந்தளிக்கலாகாது. டில்லியிலும் சென்னையிலுமுள்ள பெரிய சங்கங்களின் தயவில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சிற்றூர்ச் சங்கங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. சில நூறு ரூபாய் அதிகம் கிடைக்கும் வேறு வேலைக்குப் பணியாளர் போய்விட்டால், அவர் பழக்கிய குழந்தை மறுபடி புது முகத்துக்குப் பழக வேண்டும். அந்த இடைவெளியில் இழந்த பயிற்சியை மீட்பது எளிதன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 5-ஆம் பிரிவில், சமுதாயத்தினிடையே வாழும் உரிமையையும், அதற்குரிய உதவிச் சேவைகள் கிடைக்கும்படி செய்ய அரசு முயல வேண்டுமென்பதையும் சொல்கிறது. எனவே, அச்சேவையை அளிக்கும் சிறு சங்கம் கலெக்டர் அலுவலக வாசலில் யாசகன்போல நிற்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அரசு செய்ய வேண்டிய வேலையையே அது செய்கிறது, அதற்குரிய கூலியைக் கேட்கிறது. கேட்கும் குரல் சங்கத்தாருடையதாக மட்டும் இருந்தால் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவார்கள். குழந்தைகளின் பெற்றோரும் ஊராரும் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவந்தால் அதை ஒதுக்குவது கடினம். பிறந்தநாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய தொகையை வருஷந்தோறும் ஒரு பணியாளரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு என்று எழுதிக்கொடுக்கும் குடும்பங்கள் ஒரு வட்டாரத்தில் பன்னிரண்டு இருந்தால், மானியம் தாமதிக்கும் வருஷத்திலும் ஒரு பெண்ணின் வேலை நிலைக்கும்.