பித்தளைக்குப் பித்தளை மாற்றலாமா?

பண்பொழி ஊர் வயல்காட்டில் மருந்து தெளிப்பானின் மூக்கு தேய்ந்துபோனால், லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். வரைபடம் கேட்பது அமெரிக்கத் தரமான சி 36000. கடையில் இருப்பதோ இந்தியத் தரமான ஐ.எஸ். 319 ராடு. ஒன்றுக்கு மற்றொன்று சரிவருமா?

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. சி 36000-இல் செம்பு 60 முதல் 63 சதவீதம். ஐ.எஸ். 319-இன் முதல் வகையில் 56 முதல் 59. இரண்டிலும் சுமார் 3 சதவீதம் ஈயம் உண்டு. ஈயம் பித்தளையில் கரையாமல் நுண்துளிகளாகச் சிதறி நிற்கும். அதனால்தான் கடையும்போது சுருள் நீளாமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. மரையும் சுத்தமாக விழுகிறது. மூக்கு, நட்டு போன்றவற்றுக்கு இந்த மாற்று பெரும்பாலும் போதும்.

கடைந்தபின் விளிம்பை அடித்து மடக்க வேண்டுமென்றால் கதை வேறு. துத்தநாகம் ஏறக்குறைய 38 சதவீதத்தைத் தாண்டினால் உலோகத்துக்குள் பீட்டா என்ற கடினமான இன்னொரு படிக அமைப்பு உருவாகிறது. சூட்டில் அது நன்றாக வளையும். குளிர்ந்த நிலையில் வெடிக்கும். மடக்கும் வேலைக்கு ஈயமில்லாத 70/30 (செம்பு/துத்தநாகம்) பித்தளையே ஏற்றது.

எந்நேரமும் தண்ணீரில் கிடக்கும் வால்வில் துத்தநாகம் மெல்ல அரித்து வெளியேற, சிவந்த, நுண்துளைகள் நிறைந்த செம்பு மட்டும் மிஞ்சலாம். ஐரோப்பாவின் சி.டபிள்யூ. 602 என் தரத்தில் சிறிதளவு ஆர்சனிக் சேர்ப்பது இதைத் தடுக்கவே. அத்தகைய வால்வுக்குச் சாதாரண ராடைப் போட்டால் அளவு பொருந்தும், ஆயுள் பொருந்தாது. குடிநீர் பாகமென்றால் ஈயமும் கணக்கில் வரும்: தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாதென்று அமெரிக்கா 2014 முதல் வரம்பு வைத்திருக்கிறது.

தரம் சரியாக இருந்தும் பாகம் கெடுவதுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவின் குதிரை லாயங்களில் அடுக்கிய 70/30 பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டன. இழுத்து உருவாக்கியபோது உறைக்குள் தங்கிய இறுக்கம், ஈரம், குதிரை மூத்திரத்தின் அம்மோனியா மூன்றும் சேர்ந்ததே காரணம் என்று 1921-இல் வெளியான ஆய்வு விளக்கியது. மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு. சாரல் மாதங்களில் மாட்டுத் தொழுவத்தில் தொங்கும் தெளிப்பானுக்கும் இந்த ஆபத்து உண்டு.

எனவே பட்டறைக்காரரிடம் அளவை மட்டும் சொல்லாதீர்கள். பாகம் எங்கே இருக்கும், எதைத் தொடும், வளைபடுமா என்பதையும் சொல்லுங்கள். பழைய பித்தளையை உருக்கியும் ராடு வருவதால், ராடின் சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள்.