தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன்

2025 புத்தாண்டு நேரத்தில், தமிழ்நாட்டில் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப்போவதாகச் செய்தி வந்து பெரிய கூச்சலே எழுந்தது. தத்தும் இல்லை, தாரைவார்ப்பும் இல்லை, உதவிதான் என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி மறுத்தார். அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது ஒரே கேள்வி: உள்ளே வருகிறவர் எதைக் கொடுக்கிறார், எதைக் கையில் எடுத்துக்கொள்கிறார்? கழிப்பறை கட்டுவதும் பெஞ்சு வாங்கித் தருவதும் நன்கொடை. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் இதற்குத்தான். யாரைச் சேர்ப்பது, யார் பாடம் நடத்துவது என்பதை அவர் முடிவு செய்தால் அது நிர்வாகம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பொறுப்பு அரசுடையது; கைமாற்றிவிட்டுக் கைகழுவ முடியாது.

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும், நடத்துவது யாராயிருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லைபீரியாவில் 2016இல் 93 அரசுப் பள்ளிகளை 8 அமைப்புகளிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களும் கூடுதல் பணமும் போயின. ஒரு பெரிய அமைப்பு வகுப்பில் கூட்டம் அதிகம் என்று பிள்ளைகளை வெளியே அனுப்பியது. கூடுதல் ஆசிரியரை அரசே தந்தால் என்ன என்ற கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. நம் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. படிப்பு வராத பிள்ளையை ‘வேறு இடம் பாருங்கள்’ என்று நைச்சியமாக அனுப்பினாலும் அது நீக்கம்தான்.

அதிகாரிகளைத் திட்டிப் பயனில்லை. பூட்டின் சாவி பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சேலம் அம்மாபேட்டையில் தறியை நிறுத்திவிட்டு ஓடிவரும் அம்மாவிடம் தீர்மானப் புத்தகத்தை நீட்டி, விரலால் இடம் காட்டி, ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்றால் போட்டுவிடுவார். போடாதீர்கள். மேலே எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்; வெற்றுப் பக்கமானால் புத்தகத்தை மூடிவிடுங்கள். வெளியார் வருவதானால் ஒப்பந்த நகல், காலம், செலவு, பிள்ளைகளை நீக்கமாட்டோம் என்ற உறுதி நான்கும் தீர்மானத்தில் ஏறட்டும். ஆசிரியர் பற்றாக்குறையைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதவையுங்கள். 22ஆம் பிரிவு அதைத் தயாரிக்கும் பொறுப்பை உங்களிடம்தான் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. பிள்ளையை நீக்கினாலோ பணம் கேட்டாலோ கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு, தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. 3 மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லையேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். வாய்ச்சொல்லாகப் புகார் சொல்லிவிட்டு வந்து காத்திருப்பவர்களுக்கு மீண்டும் சொல்கிறேன்: எழுத்தில் கொடுங்கள், விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மனு போய்ச் சேர்ந்ததற்கான சான்றை மனு நகலோடு சேர்த்துத் தைத்துவையுங்கள். நாள் கணக்கு அலுவலகத்துக்கு மனு கிடைத்த தேதியிலிருந்துதான்.