மாநாட்டுக்குச் செல்வது எதற்கு?

ஆய்வுக் கட்டுரைகள் இணையத்திலேயே கிடைக்கும்போது, செலவு செய்து மாநாட்டுக்குச் செல்வது எதற்கு? மென்பொருள் துறையைச் சேர்ந்த என்னிடம் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது.

'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' எனப்படும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் ஒரே அலகாகப் பிணைக்கும் முறை இது. வங்கி மென்பொருளில் இருப்புத் தொகையும், பணம் செலுத்துதல், எடுத்தல் ஆகிய செயல்களும் 'கணக்கு' என்னும் ஒரே பொருளுக்குள் அடங்கிவிடும்.

இத்துறைக்கான 'ஊப்ஸ்லா' மாநாடு 1986-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தொடங்கியது. ஆய்வாளர்களோடு, தொழிலில் இருப்போரும் அங்கு தங்கள் அனுபவங்களை முன்வைத்தனர். 1989-இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் இருவரும் சாதாரணக் குறிப்பட்டைகளைக் கொண்டே பொருள்நோக்குச் சிந்தனையைக் கற்பிக்கும் முறையை விளக்கினர். 1992-இல், நிதி மென்பொருள் ஒன்றை உருவாக்கிய அனுபவத்தை விவரித்த கன்னிங்காம், முதல் முயற்சியில் எழுதிய நிரலை வெளியிடுவதைக் கடன் வாங்குவதற்கு ஒப்பிட்டார். சிறு கடன் வேகம் தரும். விரைவில் திருத்தி எழுதாவிடில் வட்டி பெருகும். 'தொழில்நுட்பக் கடன்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் கருத்து, இவ்வாறு ஒரு பணியாளரின் அனுபவத்திலிருந்து பிறந்தது.

கட்டுரையை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால், "எங்கள் பணியில் இது பொருந்தவில்லையே, ஏன்?" என்று அதை எழுதியவரை நேருக்கு நேர் கேட்க அவைதான் வேண்டும். அக்கேள்வி எழாவிடில் ஆய்வு நடைமுறையிலிருந்து விலகிப்போகும். எனவே, நிரல் எழுதுவோரை மாநாட்டுக்கு அனுப்பும் செலவை நிறுவனங்கள் வீண் என்று கருதலாகாது.