கல்யாணத்துக்கு கூட்டிப்போய் மாடியில் இருந்து தள்ளினான்!

பதிவாளர் ஆபீசுக்கு கல்யாணக் கனவோடு வந்தாள் இளம்பெண் சீமா. ஆபீஸ் மூடிக் கிடந்தது. மதிய சாப்பாட்டு நேரமாம். திறக்கிற வரைக்கும் மொட்டை மாடிக்குப் போகலாம் என்று கூப்பிட்டான் காதலன். நம்பிப் போனாள். கைப்பிடிச் சுவரில் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். அடுத்த நொடி, பட்டப்பகலில், கீழே தள்ளினான்!

பயப்பட வேண்டாம். இது சினிமா. 1993 நவம்பரில் வெளியாகி சக்கைப்போடு போட்ட ‘பாஜிகர்’ என்ற இந்திப் படம். காதலன் ஷாருக்கான். சீமாவாக ஷில்பா ஷெட்டி; அவருக்கு இதுதான் முதல் படம். டைரக்டர்கள் அப்பாஸ் - மஸ்தான் சகோதரர்கள்.

உருக்கமான கடிதம்

போலீசுக்கு துப்பு கிடைக்காமல் போனது எப்படி? ரெண்டு பேரும் சேர்ந்து செத்துப்போகலாம் என்று நாடகமாடி, அவள் கையாலேயே தற்கொலைக் கடிதம் எழுதி வாங்கிவிட்டான் பாவி. அப்புறம், சும்மா உன் காதலை சோதித்துப் பார்த்தேன் என்று சிரித்தான். அவள் செத்ததும் அந்தக் கடிதத்தைத்தான் தபாலில் போட்டான். தற்கொலை என்று கேசை முடித்தார்கள்.

விடாமல் தோண்டியவள் தங்கை பிரியா. அந்த வேடம் கஜோலுக்கு. ஆனால் அவளிடமே ‘விக்கி’ என்ற பொய்ப்பெயரில் இன்னொரு காதல் நாடகம் நடத்தினான் கொலைகாரன். இவனை சீமாவோடு சேர்த்து அடையாளம் காட்டக்கூடிய சிநேகிதர்கள் 2 பேரையும் தீர்த்துக் கட்டினான்.

சீமா செய்த குற்றம் என்ன?

இவ்வளவு வெறி எதற்கு? பெண்களின் தகப்பன் மதன் சோப்ரா, இவன் அப்பாவின் கம்பெனியை மோசடி செய்து பறித்தவன். குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. அப்பாவும் கைக்குழந்தை தங்கச்சியும் செத்தார்கள். தாய்க்கு சித்தம் கலங்கியது. சரி, வஞ்சம் தீர்க்கட்டும். தகப்பன் கணக்கை ஒன்றும் அறியாத மகள் தலையில் எழுதுவானேன்? படம் அதைக் கேட்கவே இல்லை. கடைசியில் அவன் தாய் மடியில் உயிரை விடும்போது நம்மை அழ வைக்கப் பார்க்கிறார்கள். சீமாவை அதற்குள் எல்லோரும் மறந்தாச்சு! ஷாருக்கானுக்கு சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. நடிப்புக்குத் தகும், அது வேறு விஷயம்.

கதைக்கு மூலம் அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் 1953-ல் எழுதிய நாவல். அதிலும் கல்யாணம் என்று கூட்டிப்போய், மாடியில் இருந்துதான் தள்ளுகிறான். ஆனால் அங்கே பழியும் இல்லை, தாய்ப்பாசமும் இல்லை. பணக்கார மாமனாரின் சொத்து மீது கண். தமிழில் 1997-ல் ராம்கி நடிக்க ‘சாம்ராட்’ என்று இதே கதை வந்தது.

30 நாள் நோட்டீஸ்

ஒரு விஷயம் இடிக்கிறது. திருவேங்கடம் ஆனாலும் மும்பை ஆனாலும், 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி ரிஜிஸ்டர் கல்யாணம் என்றால் 30 நாள் முன்னதாகவே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி அது ஆபீசில் ஒட்டப்படும். கல்யாணத்தன்று 3 சாட்சிகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

சீமாவோடு போனவன் அவன் ஒருத்தன்தான்.