ஏரிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் உறை

1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்குச் சுவீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் ‘அக்வாமேட்டிக்’ என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. இதன் மூல யோசனை அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வின் என்பவருடையது. எஞ்சின் படகுக்குள் பத்திரமாக இருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். 1961இல் அமெரிக்காவின் மெர்குரூசரும் களமிறங்க, ‘ஸ்டெர்ன்டிரைவ்’ எனப்படும் இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் எஞ்சினின் விசை வெளியே போக, பின்பலகையில் நீர்மட்டத்தை ஒட்டிப் பெரிய ஓட்டை போட்டாக வேண்டும். வெளியே தொங்கும் காலோ இடம் வலம் திரும்பும், மேலே தூக்கும், கீழே இறங்கும். அசையும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது எப்படி? ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்றுதான் விடை. அதன் பெயர் பெல்லோஸ்.

பல மாடல்களில் இவை மூன்று: எஞ்சினின் விசையைக் காலுக்குக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்டை மூடுவது, கியர் கேபிளுக்கானது, புகை வெளியேறும் வழிக்கானது. மூன்றாவது கிழிந்தால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். முதலிரண்டில் ஒன்று கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயே வரலாம். ஜாயின்டின் கிரீஸ் கரையும், பேரிங் துருப்பிடிக்கும், படகைத் திருப்பும்போது உறுமல் கேட்கும். துறையில் கட்டிவிட்டுப் போன படகில் கசிவு தொடர்ந்து, தண்ணீரை இறைக்கும் பம்பின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், படகு நின்ற இடத்திலேயே மூழ்கும்.

ரப்பரின் முதல் எதிரி வயது. அடுத்தது, காலைத் தூக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழக்கம். ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் நசுங்கியும் கிடக்கும் மடிப்பு அப்படியே விறைத்துப்போய், பிறகு அசையும்போது வெடிக்கிறது. எனவே கரையில் ஓய்வெடுக்கும் படகுக்குக் கால் கீழே இறங்கியிருப்பதே நல்லது. கடலில், மடிப்புக்குள் வளரும் கொட்டலசுகளின் கூரிய விளிம்பு ரப்பரை அறுக்கும். வட அமெரிக்க ஏரிகளிலோ மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு அதைக் கடித்தே ஓட்டையாக்கிவிடும்!

கால் தூக்கியிருக்கும்போது இருபுறமும் திருப்பி, மடிப்புகளின் அடியில் விரல் விட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பது ஆண்டுக்கொருமுறையாவது அவசியம். ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. வோல்வோ பென்டா தன் டிரைவ் பெல்லோஸை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது காரணத்தோடுதான். கிழிசலில் சிலிக்கான் பூசி ஓட்டுவது வீண் வேலை. ஓயாமல் மடிந்து விரியும் ரப்பரில் அது நிற்காது.

மாற்றுவதற்குக் காலையே கழற்ற வேண்டும். உறை உட்காரும் உலோக விளிம்பில் பழைய பசையோ துருவோ துளியும் இருக்கக் கூடாது. உண்மையில் பாதி வேலை இந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது. கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் அது சொல்லும் பசை, புதிய துருப்பிடிக்காத கிளாம்ப். கால் கழன்றிருக்கும்போதே பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, கரகரத்தால் மாற்றி, எஞ்சின் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்பதையும் அதற்குரிய கம்பியால் சோதித்துவிடலாம். படகைத் தண்ணீரில் இறக்கியதும், டிரெய்லரிலிருந்து அவிழ்க்கும் முன்பே, எஞ்சின் மூடியைத் திறந்து பின்பலகையின் உட்புறம் ஈரமில்லையா என்று பார்த்துக்கொள்வது வழக்கம்.