கைமாறும் மின்சாரக் கார்: பன்னிரண்டு கோடுகளைப் படிப்பது எப்படி?

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். மின்சாரக் காருக்கு அந்த நெரிசல் பெரிய பாரமில்லை. நிற்கும்போது மோட்டார் சுற்றாது; வேகம் குறையும்போது அதே மோட்டார் மின்சாரம் பிறப்பித்துப் பற்றரிக்கே திருப்பிக் கொடுக்கும். கொழும்புக்குள் ஓட இதைவிடப் பொருத்தமான கார் இல்லை என்பேன். அப்படியிருந்தும், பழைய நிஸான் லீஃபைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் காருக்கு மாறப் பலர் நினைக்கிறார்கள். காரணம் பற்றரி.

2015 அளவில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் ஓடிய லீஃப்கள் இங்கே நிறைய வந்திறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பற்றரிகளும் அதற்குள் கிழடு தட்டிவிட்டன.

முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குள் 192 தட்டையான செல்கள் உள்ளன. நான்கு செல்லுக்கு ஒரு உலோகப் பெட்டியாக, 48 பெட்டிகள். லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கும் இடையில் போய்வரும்போது, கிராஃபைட் முனையில் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. அந்தப் படலத்தில் சிக்கும் லித்தியம் திரும்பி வராது. வெப்பம் கூடினால் படலம் விரைவாகத் தடிக்கும். லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டும் திரவச் சுற்று கிடையாது. ஜப்பானின் பனிக்காலம் அதற்கு ஓய்வு கொடுத்தது. வருடம் முழுக்கப் புழுங்கும் கொழும்பில் அந்த ஓய்வே இல்லை.

மீற்றர் பலகையில் வலப்பக்க ஓரமாகப் பன்னிரண்டு சின்னக் கோடுகள் தெரியும். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைக் காட்டும் பெரிய கோடுகள் வேறு. இவை பற்றரியின் கொள்ளளவைச் சொல்பவை. முதற்கோடு அணையும்போதே சுமார் 15 வீதம் போய்விட்டது என்று பொருள். அடுத்தடுத்த கோடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 வீதம். கார் மாற்றப் போகிறவர் கிலோமீற்றர் கணக்குக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கோடுகளிலும் ஏமாற்றலாம். கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவை அழித்தால் பன்னிரண்டும் திரும்ப எரியும். காரை ஓட்ட ஓட்ட மறுபடி அணைந்துபோகும். பழைய லீஃப் வாங்குகிறவரின் பணத்தைத் தின்னும் மோசடி இது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சொக்கெற்றில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் 96 செல் சோடிகளின் வோல்டேஜும் கம்பிகளாக நிற்கும். ஏற்றத்தில் அக்சிலரேற்றரை அழுத்தும்போது ஒரு கம்பி மட்டும் மற்றவற்றை விட்டுச் சரிந்தால், அந்தச் சோடி நலிந்துவிட்டது. முழுப் பற்றரியையும் மாற்றாமல் அந்தச் சோடி உள்ள பெட்டியை மட்டும் மாற்றவும் முடியும். ஆகவே, விற்கும் முடிவை எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

காருக்கு உதவாத பற்றரியும் குப்பையல்ல. ஜப்பானின் நாமியே நகரில் 2018 முதல் பழைய லீஃப் பற்றரிகளைப் பிரித்துச் சோதித்து மறுபயன்பாட்டுக்குத் தயாராக்குகிறார்கள். காரை இழுக்கத் தெம்பில்லாத செல்லுக்கு, பகலில் சோலாரில் சேர்த்த மின்சாரத்தை இரவில் வீட்டுக்குக் கொடுக்கத் தெம்பிருக்கும். மாற்று விலை பேசும்போது, பற்றரிக்குத் தனி விலை கேளுங்கள்.