கண்ணபுரம் தேரும் காங்கயம் காளையும்

சித்திரை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டு விவசாயிகளின் பேச்சில் கண்ணபுரம் வந்துவிடும். திருப்பூர் மாவட்டம் ஓலப்பாளையத்திற்கு அருகேயுள்ள இச்சிற்றூரில், மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை காங்கயம் இனத்திற்குப் பெயர் பெற்றது. மயிலை, செவலை, காரி என்று காளைகளும், ஜோடி சேர்த்த எருதுகளும், கன்றுடன் பசுக்களும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கமும் இங்கு உண்டு.

மண் வளர்த்த மாடு

காங்கயம் வட்டாரம் மழை குறைந்த மேட்டு நிலம். முள்கிளுவை வேலியிட்ட கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மரத்து நெற்றைத் தின்று வளரும் மாடு இது. செந்நிறத்தில் பிறக்கும் கன்று, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்திற்கு மாறும். கடினமான குளம்பு, வெயில் தாங்கும் உடல், குறைந்த தீனியில் நிறைந்த உழைப்பு ஆகியவை இதன் சிறப்புகள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வினத்தைப் போற்றி வளர்த்தது யாவரும் அறிந்ததே.

ஏன் குறைந்தது?

கமலை இறைத்த காலத்தில் கிணறுதோறும் எருது தேவைப்பட்டது. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் அத்தேவை போயிற்று. காங்கயம் பசு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர் பாலே தரும். ஆகவே கலப்பினப் பசு தொழுவத்திற்கு வந்தது. இழுவைக்கு வாங்க ஆளில்லாத காளைக்கன்று இறைச்சிக்குப் போகிறது. நல்ல பொலிகாளை குறைந்தால், பசு இருந்தும் இனம் நிற்காது. 2014ல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது இக்கவலை வலுத்தது. 2017ல் தமிழகச் சட்டத் திருத்தத்தால் அது மீண்டும் நடைபெறுகிறது. ஆயினும் இனத்தைக் காப்பது தொழுவத்தில் நடக்கும் வேலையே.

வாங்கும்போது கவனிக்க

சுழி பார்ப்பவர் பலர். உழைப்புத் திறனுக்கும் சுழிக்கும் தொடர்பில்லை. முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். இரண்டு பல் என்றால் வயது இரண்டு முதல் இரண்டரை. எட்டுப் பல்லும் சேர்ந்திருந்தால் நான்குக்கு மேல். அடுத்து, மாட்டை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அகன்ற மார்பு, நேரான கால்கள், பிளவு விரியாத குளம்பு, நொண்டாத நடை அவசியம். கழுத்தில் நுகத்தடிப் புண் இருத்தலாகாது. எருது தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையுடனேயே நாள் முழுதும் இழுக்கக்கூடியது. எனவே ஜோடியில் இரண்டும் எடையிலும் நடையிலும் ஒத்திருக்க வேண்டும்.

இரண்டு, மூன்று ஏக்கர் உள்ளவர், வேலையில்லாத நாட்களுக்கும் தீனி வேண்டும் என்பதை மறக்கலாகாது. அண்டை நிலத்து உழவும் வண்டி வாடகையும் கிடைக்குமா என்று கணக்கிட்ட பின்னரே ஜோடி வாங்குவது நன்று. அதற்கு வழியில்லாதவர் ஒரு காங்கயம் பசுவை வளர்த்து, அதே இனப் பொலிகாளையுடன் மட்டும் சேர்த்தாலும் இனத்திற்குச் செய்யும் உதவி பெரிது.

வீடு வந்தபின்

பல ஊர் மாடு கூடுமிடத்தில் நோயும் கூடும். சந்தைக்குக் கொண்டுபோகும் மாட்டுக்கு மூன்று வாரம் முன்னதாகவே கோமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வாங்கி வந்த மாட்டை 21 நாட்கள் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும். வாயில் எச்சில் ஒழுகினாலோ, தோலில் கழலை கண்டாலோ உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். சந்தையில் வாங்கிய ஒரு மாட்டால் தொழுவமே நோயில் விழாதிருக்க இதுவே வழி.